சுயேச்சைன்னா யாரு? டாக்டர் கெரின் ஃபெல்ப்ஸை வச்சு ஒரு சொல் விளக்கம்

சுயேச்சையா சுயேட்சையா, முதல்ல இதை முடிச்சிடுவோம். ச்ச போட்டு எழுதுறதுதான் சரி. வடமொழியில ஸ்வ-ன்னா தன்னோட, இச்சா-ன்னா விருப்பம், சேர்ந்தா ஸ்வேச்சா. அதுதான் தமிழுக்கு வந்து சுய + இச்சை, சுயேச்சைன்னு ஆச்சு. அ-வும் இ-யும் சேர்ந்து ஏ ஆகுறது வடமொழிப் புணர்ச்சி, மகா + இந்திரன் மகேந்திரன் ஆகுதுல்ல, அதே விதி. அப்போ ட்ச எங்கருந்து வந்துச்சு? வடமொழி க்ஷ தமிழ்ல ட்ச ஆகும், பட்சம், லட்சம், பரீட்சை எல்லாம் அப்படி வந்ததுதான், ஆனா இச்சா-வுல க்ஷ கிடையவே கிடையாது. பழைய பேப்பர்ல வேட்பாளரை அபேட்சகர்னு எழுதுவாங்க, அது அபேக்ஷா-வுலருந்து வந்த வார்த்தை, அதனால அங்க ட்ச சரி. தேர்தல் செய்தியில ரெண்டு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல வந்து வந்து ஒண்ணோட எழுத்து இன்னொண்ணுல ஒட்டிக்கிச்சோன்னு எனக்கு ஒரு யூகம், உறுதியா சொல்ல முடியாது.

ஸ்கூல்ல படிச்ச அனிச்சைச் செயல் ஞாபகம் இருக்கா, சூடு பட்டதும் கை தானா பின்னால வர்றது. அதுலயும் இதே இச்சைதான், விருப்பம் இல்லாம நடக்குறதுன்னு அர்த்தம். ஆக சுயேச்சைன்னா நேரடிப் பொருள் தன் விருப்பப்படி நடக்குறவர். இங்கிலீஷ்ல இன்டிபென்டன்ட்னு சொல்றது வேற வழியா வந்த சொல், அதோட லத்தீன் வேர் தொங்குறதைக் குறிக்கும், எதையும் பிடிச்சுத் தொங்காதவர்னு எடுத்துக்கலாம். ஒரு சொல் விருப்பத்தைப் பேசுது, இன்னொண்ணு சார்பைப் பேசுது. கட்சி இல்லாம ஜெயிச்சவங்களுக்கு எது பொருந்தும்னு பார்க்க ஆஸ்திரேலியாவோட டாக்டர் கெரின் ஃபெல்ப்ஸை எடுத்துக்கலாம், ஏன்னா இந்தச் சொல்லோட எல்லாப் பக்கமும் அவங்க அரசியல் வாழ்க்கையில வந்துடுது.

சிட்னியில குடும்ப டாக்டர். டிவியில ஹெல்த் பத்திப் பேசி நாடு முழுக்கத் தெரிஞ்ச முகம் ஆனாங்க. 2000ல ஆஸ்திரேலிய மருத்துவச் சங்கத்தோட தேசியத் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவங்கதான், 2003 வரைக்கும் இருந்தாங்க. 2016ல சிட்னி மாநகராட்சிக்கு ஜெயிச்சது மேயர் க்ளோவர் மூரோட சுயேச்சை அணியில நின்னு. இலங்கையில தேர்தல்ல சுயேச்சைக் குழுன்னு சொல்வாங்களே, கட்சி இல்லாதவங்க ஒரே பட்டியலா சேர்ந்து நிக்கிறது, கிட்டத்தட்ட அந்த மாதிரி. துணை மேயரும் ஆனாங்க, ஆனா 2017ல அந்த அணியோட முரண்பட்டு வெளிய வந்து தனியா உட்கார்ந்தாங்க. சுயேச்சை அணியிலருந்து விலகின சுயேச்சை. இதைத் தமிழ்ல சொல்லும்போதே பாருங்க, சுயேச்சைங்கிற ஒரே சொல்லை வச்சு ரெண்டையும் பிரிக்கத் திணறுது.

2018 ஆகஸ்ட்ல லிபரல் கட்சிக்காரங்களே பிரதமர் மால்கம் டர்ன்புல்லை இறக்கினாங்க, அவர் எம்பி பதவியையும் விட்டுட்டுப் போயிட்டாரு, வென்ட்வொர்த் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்துச்சு. சிட்னியோட கிழக்குப் பக்கம், வசதியானவங்க நிறைய இருக்குற தொகுதி, லிபரலுக்கு எப்பவும் பத்திரமான இடம். அக்டோபர் 20ல ஓட்டு. முதல் விருப்புல லிபரல் வேட்பாளர் டேவ் ஷர்மாவுக்கு சுமார் 43 சதவீதம், ஃபெல்ப்ஸுக்கு சுமார் 29தான். ஆனா ஜெயிச்சது ஃபெல்ப்ஸ்.

எப்படின்னா அங்க ஓட்டுப் போடுற முறை அப்படி. எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3ன்னு வரிசையா நம்பர் போடணும், யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா கடைசியில இருக்குறவரை நீக்கிட்டு அவரோட ஓட்டுச்சீட்டை அடுத்த நம்பர்காரருக்கு மாத்துவாங்க, இப்படியே போகும். எதிர்க்கட்சியான லேபருக்கும் கிரீன்ஸ் கட்சிக்கும் 1 போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஷர்மாவுக்கு முன்னாடி ஃபெல்ப்ஸை எழுதியிருந்தாங்க, கடைசியில 51 சதவீதம் தாண்டிட்டாங்க. இதுக்கு விருப்பு வாக்குன்னு பேர், இங்க வேலை செஞ்ச இச்சை ஓட்டுப் போட்டவங்களோட இச்சை. கட்சியைச் சாராத ஒருத்தர் ரெண்டு கட்சியோட ஆதரவாளர்களைச் சார்ந்து ஜெயிச்சாங்க, இதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா பிரச்சாரத்துல முதல்ல லிபரலைக் கடைசியா போடுங்கன்னு சொன்னவங்க கொஞ்ச நாள்லயே மாத்தி லேபருக்கு முன்னாடி லிபரலைப் போடச் சொன்னாங்க, அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. கட்சி இல்லைன்னாலும் எந்தப் பக்கம் சாயறீங்கன்னு ஜனங்க கேக்கத்தான் செய்வாங்க.

அவங்க ஜெயிச்சதால அரசாங்கம் பெரும்பான்மையை இழந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். நவுரு தீவுலயும் பப்புவா நியூ கினியோட மானுஸ் தீவுலயும் ஆஸ்திரேலியா அனுப்பி வச்சிருந்த அகதிகளுக்கு உடம்பு முடியலைன்னா, ரெண்டு டாக்டர் பரிசோதிச்சு சொன்னா சிகிச்சைக்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர வழி செய்யணும்னு அவங்க சட்டம் கேட்டாங்க. மெடிவாக்னு சுருக்கமா சொல்லுவாங்க. லேபர், கிரீன்ஸ், மத்த சுயேச்சைகள்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி, திருத்தி, விட்டுக்கொடுத்து, 2019 பிப்ரவரி 12ல கீழ்சபையில 75க்கு 74ன்னு அரசாங்கத்தைத் தோற்கடிச்சு நிறைவேத்தினாங்க. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அடுத்த நாள் செனட்லயும் பாஸ் ஆச்சு. நோயாளியைப் பார்க்குறது டாக்டர், அப்போ முடிவுலயும் டாக்டர் பேச்சுக்கு எடை இருக்கணும்ங்கிறது ஒரு மருத்துவர் அரசியலுக்கு வந்து கேட்க வேண்டிய விஷயமேதான்.

இப்போ சொல்லுக்கு வருவோம். சுயேச்சைக்குத் தமிழ்ல தன்னிச்சைன்னு போடலாமேன்னு தோணும். போடக்கூடாதுங்கிறது என் கருத்து. முதல் காரணம் வடமொழி இச்சை அப்படியே நிக்குது, சுய-வை மட்டும் தன்-னா மாத்தியிருக்கோம். ரெண்டாவது, தன்னிச்சையா முடிவெடுத்துட்டாருன்னு சொன்னா அது புகார், யாரையும் கேக்காம இஷ்டத்துக்குச் செஞ்சாருன்னு அர்த்தம், ஃபெல்ப்ஸ் அந்தச் சட்டத்துக்குப் பண்ணின வேலைக்கு நேர் எதிர். தனி வேட்பாளர்னா ஒரே ஒருத்தர்தான் நின்னார்ங்கிற மாதிரி கேக்குது, சுதந்திர வேட்பாளர் இங்கிலீஷோட நிழல். கட்சி சாரா வேட்பாளர், கட்சி சாரா உறுப்பினர், இதுதான் சரியா உட்காருது. சார்பு பழைய தமிழ்ச்சொல், திருக்குறள்லயே இருக்கு. அதோட எதைச் சாரலைன்னு தெளிவா சொல்லிடுது, கட்சியை மட்டும்தான், மக்களையோ கூட இருக்குற உறுப்பினர்களையோ சாராதவர்னு சொல்லல. சிட்னி விஷயத்தைக்கூட கட்சி சாராதவர்கள் அணியிலருந்து விலகித் தனியாளா ஆனாங்கன்னு எழுதினா குழப்பமே இல்ல.

2019 மே பொதுத்தேர்தல்ல அதே ஷர்மாகிட்ட கொஞ்ச வித்தியாசத்துல தோத்தாங்க, அந்த டிசம்பர்லயே மெடிவாக் சட்டத்தையும் அரசாங்கம் ரத்து பண்ணிடுச்சு. ஆனா 2022ல மெல்போர்ன் கூயோங் தொகுதியில குழந்தைகள் நரம்பியல் டாக்டர் மோனிக் ரயன் நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பர்கையே தோற்கடிச்சாங்க, சிட்னி மெக்கெல்லர்ல குடும்ப டாக்டர் சோஃபி ஸ்காம்ப்ஸ் ஜெயிச்சாங்க, 2025லயும் ரெண்டு பேரும் தொகுதியைத் தக்க வச்சுக்கிட்டாங்க. இவங்க வகையை அங்க டீல்னு கூப்பிடுறாங்க, நீலமும் பச்சையும் கலந்த நிறத்தோட பேரு. க்ளைமேட் 200ங்கிற அமைப்புகிட்ட தேர்தல் நிதி வாங்கினவங்க எப்படி சுயேச்சைன்னு எதிர்த்தரப்பு கேட்டுட்டே இருக்கு, கேள்வி நியாயமானதுதான், பணத்தைச் சார்றதும் சார்புதான். கட்சி சாராதவர்னு எழுதிட்டா அந்தக் கேள்வியைத் தனியா வச்சுப் பேச முடியும்.