ஹொதரு-கரி: மின்மினி வேட்டையா, மின்மினி காணலா?

ஜப்பானில் மே இறுதியிலிருந்து ஜூலை வரை, இருட்டியபின் ஆற்றங்கரைக்கோ வயல் வரப்புக்கோ போய் மின்மினிகள் பறப்பதைப் பார்த்துவரும் வழக்கத்துக்கு ‘ஹொதரு-கரி’ என்று பெயர். அதையொட்டி ஊர்கள் எடுக்கும் விழா ‘ஹொதரு மட்சுரி’. தமிழில் எழுதுவோர் முன்னதை ‘மின்மினி வேட்டை’ என்றும் பின்னதைக் ‘கோடைத் திருவிழா’ என்றும் பெயர்ப்பதுண்டு. இரண்டுமே வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலில் உச்சரிப்பு. ஹொதரு என்பதில் மூன்றும் குறில். ‘ஹோட்டாரு’ என்று நீட்டக்கூடாது. தகரம் ‘தலை’யில் வருவதுபோல் வல்லொலி. ‘கரி’யின் ககரமோ ‘தங்க’த்தில் வருவதுபோல் மெல்லியது. தனிச்சொல்லாக நிற்கும்போது அதுவும் வல்லொலிதான், கூட்டுச்சொல்லில் மெலிகிறது.

மின்மினியைக் குறிக்கும் ஹொதரு என்ற சொல்லின் பிறப்பில் ஒருமித்த முடிவு இல்லை. ‘ஹொ’ என்பது தீயைக் குறிக்கும் ‘ஹி’ கூட்டுச்சொற்களில் எடுக்கும் பழைய வடிவம், ‘தரு’ என்பது தொங்குதல், சொட்டுதல்; ஆகவே ‘தீ சொட்டுவது’ என்பது பரவலான விளக்கம். விண்மீனைக் குறிக்கும் ‘ஹொஷி’யிலிருந்து வந்தது என்பாரும், ஒளிர்தலைக் குறிக்கும் ‘தெரு’விலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சொல் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. கி.பி. 720இல் முடிந்த நிஹொன் ஷொகி வரலாற்று நூலிலேயே மின்மினி ஒளிபோல் மின்னும் தெய்வங்கள் வருகிறார்கள்.

‘கரி’ வேட்டையாடுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆனால் இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்க்கப் போவதையும் ஜப்பானியர் ‘மொமிஜி-கரி’ என்றே சொல்கிறார்கள். அங்கே யாரும் எதையும் வேட்டையாடுவதில்லை. இயற்கையின் ஓர் அழகைத் தேடிப் போய்க் காண்பது என்று பொருள் விரிந்துவிட்டது. மின்மினியைப் பொறுத்தவரை பழைய பொருளும் பொய்யல்ல. விசிறியால் தட்டிப் பிடித்துச் சிறு கூண்டில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வணிகர்கள் மொத்தமாகப் பிடித்து நகரங்களுக்கு அனுப்பினார்கள். ஷிகா மாகாணத்து மொரியாமா மின்மினிகள் 1924இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பின்னர் மின்மினிகளே அருகிப்போய் அந்தத் தகுதியும் நீக்கப்பட்டது. இன்று மொரியாமா உட்படப் பல ஊர்களில் மின்மினி பிடிப்பதற்கு ஊர்ச்சட்டமே தடை போட்டிருக்கிறது. ‘வேட்டை’ என்று எழுதினால், சட்டம் தடுக்கும் செயலைச் செய்யச் சொன்னதுபோல் ஆகிவிடும். ‘மின்மினி காணல்’ என்பதே பொருந்தும்.

மின்மினி என்ற சொல்லுக்கு நாம் எங்கும் கடன் கேட்க வேண்டியதில்லை. ‘மின்’ என்ற வேரிலேயே ஒளி இருக்கிறது. அகநானூறு 72ஆம் பாடலில் மின்மினி மொய்த்த புற்றைக் கரடி தோண்டுகிறது. பொறி பறக்க இரும்படிக்கும் கொல்லனைப்போல் தோன்றுகிறது என்கிறார் புலவர். வடமொழி வழிவந்த ‘கச்சோதம்’ அகராதியில் இருக்கிறது, பேச்சில் இல்லை. உயிரியல்படி இது வண்டினம் என்பதால் ‘மின்மினி ஈ’ என்று எழுதுவது பிழை.

அடுத்து மட்சுரி. ‘மட்சுரு’ என்றால் வழிபடுதல். கோயில் சார்ந்த மட்சுரிகளைத் திருவிழா என்பது சரி. மின்மினி மட்சுரிகளைப் பெரும்பாலும் ஊராட்சியும் பாதுகாப்புக் குழுக்களும் நடத்துகின்றன, ‘விழா’ என்பதே போதும். பெரிய சிக்கல் ‘கோடை’யில்தான். ஜப்பானியரின் கோடையான ‘நட்சு’ ஜூனில் தொடங்குகிறது, அதன் முன்பாதி ட்சுயு எனும் மழைக்காலம். மின்மினிக்கு வேண்டியது அந்த ஈரம்தான். பழைய நாட்காட்டியில் ஜூன் நடுப்பகுதியின் ஐந்து நாளுக்கு ‘அழுகிய புல் மின்மினியாகும்’ என்றே பெயர். முரசும் வாணவேடிக்கையுமான ‘நட்சு மட்சுரி’கள் ஜூலை, ஆகஸ்டில் வருபவை. கோடை விழா என்று படித்துவிட்டு ஆகஸ்டில் கியோத்தோ ஆற்றங்கரைக்குப் போகிறவர் கொசுவைத்தான் காண்பார்.

விழாக்களில் காட்டப்படுவது பெரும்பாலும் கென்ஜி மின்மினி. உடல் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர், இளஞ்சிவப்பு மார்புக்கவசத்தில் கருஞ்சிலுவைக் குறி. புழு ஓடும் நீரில் வாழ்ந்து ‘கவனினா’ என்ற நத்தையைத் தின்று வளர்கிறது. வசந்தத்தில் மழை பெய்யும் இரவில் கரையேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. கரையைச் சிமெண்டால் பூசினால் மின்மினி மறைவது இதனால்தான்: நீர் சுத்தமாகவே இருந்தாலும் புதைய மண் இல்லை. வளர்ந்த மின்மினிக்கு ஆயுள் ஒன்றிரண்டு வாரம்; பனித்துளி தவிர உணவில்லை. மேற்கு ஜப்பானில் ஆண்கள் சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறையும் கிழக்கில் நான்கு விநாடிக்கு ஒருமுறையும் சேர்ந்து மின்னுகின்றன. வெளியூர் மின்மினிகளைக் கொண்டுவந்து விடுவதை ஆய்வாளர்கள் எதிர்க்க இந்த வேறுபாடும் ஒரு காரணம். வயலில் வாழும் சிறிய இனம் ஹெய்கே மின்மினி. 1180–85 போரில் வென்ற குலம் கென்ஜி, தோற்றது ஹெய்கே. பெரியதற்கும் சிறியதற்கும் பெயர் அப்படி வந்தது என்பார்கள். மின்மினிகள் திரளாகச் சுழல்வதை ‘ஹொதரு-கஸ்ஸென்’, அதாவது மின்மினிப் போர், என்பதும் இந்தக் கதையோடு ஒட்டியது.

பார்க்கப் போகிறவர் பொழுதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இரவு ஏழரைக்கு முதல் ஒளிகள் தெரியும், எட்டிலிருந்து எட்டரை வரை உச்சம், ஒன்பதுக்கு மேல் பெரும்பாலானவை இலைகளில் அமர்ந்துவிடும். புழுக்கமான, காற்றில்லாத, மேகம் மூடிய இரவு நல்லது. முழுநிலவும் காற்றும் பகை. வெப்பநிலை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் பறப்பதே அரிது. கண் இருளுக்குப் பழக கால்மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒருமுறை கைப்பேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. கைவிளக்கில் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றி, காலடிக்கு மட்டும் காட்டலாம். வெள்ளை ஒளி பட்டால் ஆண் பெண் குறிப்பொளி குழம்பி இணைசேர்தல் தடைபடும். காரின் முகப்பு விளக்கும் கேமராவின் குவிய உதவி விளக்கும் இதே கெடுதலைச் செய்யும். கொசுமருந்தைக் கரையில் நின்று பீய்ச்சாமல் முன்பே பூசிவிட வேண்டும். புல்லில் மமுஷி என்ற விரியன் இருப்பதால் நீளக்காற்சட்டையும் மூடிய காலணியும் தேவை. யுகத்தா என்ற மெல்லிய பருத்தி உடையும் மரச்செருப்பும் கடைத்தெருவோடு நிற்கட்டும்.

விளம்பரப் படங்களில் காடு முழுக்க ஒளிப்புள்ளிகள் தெரிவது பல நிமிடங்களில் எடுத்த படங்களை அடுக்கிச் செய்வது. நேரில் ஒரு பார்வைக்கு அவ்வளவு கிடைக்காது. நீங்களே எடுப்பதானால் கேமராவுக்கு முக்காலி, லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600 அளவில், ஒரு படத்துக்கு 10 முதல் 30 விநாடி. முக்காலிக்குத் தடை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

எங்கே போவது என்றால், நாகானோவின் தட்சுனோவில் ரயில் நிலையத் தெருவில் விழாக் கடைகள், மின்மினிகள் நடை தூரத்து மட்சுவோ பள்ளத்தாக்கில். ஷிகாவின் மைபராவில் நாகவோகா மின்மினியும் அதன் இடமும் 1952 முதல் சிறப்பு இயற்கைச் சின்னம். ஷிமொனொசெகியின் தொயொத்தாவில் கொயா ஆற்றில் படகிலிருந்தே பார்க்கலாம். ஹிமெ மின்மினிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது நிலத்தில் வாழ்வது, பெண்ணுக்குப் பறக்க முடியாது, சில இடங்களில் நள்ளிரவை ஒட்டித்தான் மின்னும். அந்த இடங்களில் எட்டு மணிக்குக் காத்திருந்து பயனில்லை.