சிரோசிஸ் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் ஏன்?

"மஞ்சள் காமாலை இல்லை, வயிற்றில் நீர் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், அப்புறம் எதற்கு டாக்டர் மறுபடியும் ஸ்கேன்?" ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், உள்ளவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நன்றாக இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். இந்த ஸ்கேன் கல்லீரல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான், அது தொடக்கத்தில் வலிக்காது. எடை குறைவது, வலது விலாவுக்குக் கீழே வலி, மாத்திரையில் அடங்கியிருந்த வயிற்று நீர் திடீரென ஏறுவது என்று வெளியே தெரிவதற்குள் கட்டி பெரும்பாலும் பெரிதாகியிருக்கும், ரத்தக் குழாய்க்குள்ளும் நுழைந்திருக்கலாம்.

இந்தப் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கும். செல்கள் அழிவதும் திரும்ப முளைப்பதுமாக வருடக்கணக்கில் போகும்போது மரபணுவில் பிழைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. ஹெபடைடிஸ் பி, சி, மது, கொழுப்புக் கல்லீரல் என எதனால் சுருங்கியிருந்தாலும் ஆபத்து உண்டு. கூடவே சர்க்கரை நோயும் உடல் பருமனும் புகையும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஹெபடைடிஸ் சி மருந்தில் முழுதாகக் குணமானவர்களும், குடியை விட்டுவிட்டவர்களும் இனி கவலையில்லை என்று நினைத்து வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து குறையும், உண்மைதான், ஆனால் போய்விடாது. ஹெபடைடிஸ் பி இருப்பவர்களில் சிலருக்கு சிரோசிஸ் இல்லாமலே இந்தப் புற்றுநோய் வருவதும் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. நார்மல் என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள், கட்டி இருந்தும் அது ஏறாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஸ்கேனில் 1 செ.மீ.க்குக் குறைவான புள்ளி தெரிந்தால் சில மாதங்களில் திரும்பப் பார்ப்போம், 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து ஏற்றிப் பல கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். கல்லீரலுக்குப் பெரும்பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, புற்றுக்கட்டிக்கோ தமனியிலிருந்து. அதனால் ஏற்றிய மருந்து முதல் கட்டத்தில் கட்டியில் பளிச்சென்று தெரியும், பிந்தைய கட்டங்களில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும். சிரோசிஸ் உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஊசி குத்தி சதை எடுக்காமலே நோயை உறுதி செய்துவிடலாம். படம் தெளிவில்லாதபோதுதான் பயாப்சி.

சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் ஊசி வழியே சுட்டு அழிப்பது, வெட்டி எடுப்பது, மாற்றுக் கல்லீரல் என வழிகள் திறந்திருக்கின்றன. ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்க்குள் போகாமல், வேறெங்கும் பரவாமல் இருக்க வேண்டும் என்பது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு நெடுநாளாகப் பார்க்கும் அளவு.

ஸ்கேனுக்குப் போகும்போது சிரோசிஸ் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட்களையும் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பு இல்லாத புள்ளியா, இருந்தது வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவருக்கு அப்போதுதான் தெரியும்.