சுவர் வயிறு தள்ளினால்

பழைய கற்கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை தருவது என் வேலை. தூக்குக்குண்டை எடுக்கும் முன்பே, சுவரை ஓரமாக நின்று நீளவாக்கில் ஒரு பார்வை பார்ப்பேன். நடுவில் புடைத்திருந்தால் நம் கொத்தனார்கள் 'வயிறு தள்ளிடுச்சு' என்பார்கள். இதே கோளாறுக்கு ஜப்பானியக் கல்வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'ஹராமி'. சூல் கொண்டது என்று பொருள்!

ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் நகாகுசுக்கு கோட்டை கல் வேலைக்கு ஒரு பாடப்புத்தகம். பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கிய ஆறு சுற்றுகள். பழைய பகுதியில் செதுக்காத கல்லும், வரிசை பிடித்த சதுரக் கல்லும் உண்டு. 1440-இல், அப்போது ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசின் ஆணைப்படி இங்கே குடியேறிய கோசமாரு என்ற தலைவர் கட்டியவை மூன்றாம் சுற்றும் வடக்குச் சுற்றும். அங்கே ஒவ்வொரு கல்லும் பல கோணங்களில் செதுக்கப்பட்டு, பக்கத்துக் கல்லோடு வாய் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. பெரிய கிணற்றையும் சுவருக்குள் சேர்த்துக்கொண்டார். முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே.

விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் கட்சுரென் கோட்டையின் தலைவர் அமாவாரி. நகாகுசுக்குக் கோட்டை வேலையையே காட்டி, 'கோசமாரு கலகத்துக்குத் தயாராகிறார்' என்று அவர் ரியூக்யூ மன்னரிடம் கோள் மூட்டியதாக மரபுக்கதை. 1458-இல் அரசப் படை வந்தபோது கோசமாரு எதிர்க்காமல் உயிரை மாய்த்துக்கொண்டாராம். அமாவாரியும் அதே ஆண்டு அழிந்தார். 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்களில் வந்த குழு நகாகுசுக்குச் சுவர்களை அளந்து வரைந்து போனது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2000-இல்.

சாந்தில்லாச் சுவர் நிற்பதற்குக் காரணம், அது தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. முகப்புக் கல்லுக்குப் பின்னால் சல்லி நிரப்பியிருக்கும். மழைநீர் அதில் இறங்கி இடுக்கு வழியே கசிந்து போய்விடும். ஒருமுறை நான் பார்க்கப் போன மலைக்கோட்டைச் சுவரில் யாரோ இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பின்மண் ஊறி, சுவர் ஒரு சாண் முன்னுக்கு வந்துவிட்டது. பூசுவதற்கு முன் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

ஆல், அரச வேரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. போட்டோவுக்காக மேலே ஏறுகிறவர்கள் உச்சிக் கல்லை அசைத்துவிடுகிறார்கள். அந்த வழியாக மண் இறங்கிச் சல்லியை அடைக்கிறது. இப்படித் தளர்ந்த சுவருக்கு நிலநடுக்கம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2010 பிப்ரவரி நடுக்கத்தில் கட்சுரென் சுவரின் ஒரு பகுதி சரிந்தது.

முறையான பழுதுபார்ப்பு என்றால், ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, படமெடுத்து, பிரித்து, சல்லியைப் புதுப்பித்து, அதே கல்லை அதே இடத்தில் வைப்பது. செலவும் காலமும் பிடிக்கும். அதனால்தான் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

உங்கள் ஊர்ப் பழஞ்சுவரில் புடைப்பு தெரிந்தால் எதையும் பூசாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து மழைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், தேதியோடு எடுத்து வையுங்கள். வந்ததும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.