மாரித் தண்ணியும் ஆத்து நண்டும்

"மனே, மாரியில ஆத்துத் தண்ணியில உப்பே இல்லையே, அப்ப நண்டு எப்படிச் சாகாமக் கிடக்கு?" நண்டை உடைத்துக்கொண்டே மாமி கேட்டா. ஆறு என்று அவ சொல்வது மட்டக்களப்பு வாவியை.

மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கினால் நண்டின் இரத்தம் வெளித் தண்ணீரைவிட உப்பாக இருக்கும். உப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே ஏறும். முதலாவது பரவல், இரண்டாவது பிரசாரணம்; ரெண்டும் ஓ/எல் பாடம்தான். அப்படியே விட்டால் நண்டு ஊதிச் சாக வேண்டியதுதான். சாகாமல் காப்பது, மாமி பிய்த்து எறிந்த அந்தப் பூ, அதாவது நண்டு மூச்சுவிடும் செவுள். அதிலும் பின்பக்கத்துப் பூக்களின் கலங்களில் சோடியம்-பொற்றாசியம் பம்பிகள் என்ற புரதங்கள் நெருக்கமாக இருக்கின்றன.

பம்பி என்றதும் வயலுக்கு இறைக்கும் மோட்டரை நினைக்க வேண்டாம். ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் போய்வரும் பாதையை, அதுதான் வாவியைக் கடக்கும் மிதவைப் படகை, நினையுங்கள். கலத்தின் உள்பக்கம் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை, வெளிப்பக்கம் கிழக்குப் பக்கமான எழுவான்கரை. ஒரு நேரத்தில் ஒரு கரைக்குத்தான் வாசல் திறக்கும். படுவான்கரையில் 3 சோடியம் அயன்கள் ஏறும். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறு தன் பொசுபேற்று ஒன்றைப் பம்பியில் ஒட்டிவிடும். புரதம் உருவம் மாறி எழுவான்கரைப் பக்கம் திறக்கும். மாறிய இருக்கை சோடியத்துக்குப் பொருந்தாது, இறங்கிவிடும். அதே இருக்கை இப்போது பொற்றாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2 பொற்றாசியம் ஏறியதும் பொசுபேற்று கழன்றுவிடும், பாதை திரும்பிவிடும். ஆளைப் பார்த்து ஏற்ற ஒரு கொண்டக்டர்கூட இல்லை! எத்தனை தரம் படித்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

பூவில் அந்த எழுவான்கரைதான் இரத்தம். கலத்துக்குள் சோடியம் குறையக் குறைய, ஆற்றில் மிச்சமிருக்கும் சொற்ப சோடியமும் மறுபக்கத்து வேறு வாசல்களால் உள்ளே வந்து சேர்கிறது.

இந்தப் பம்பி பிடிபட்டதும் நண்டில்தான். விறைப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தேடப்போன டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, கரையோர நண்டின் கால் நரம்பை அரைத்தார். சோடியமும் பொற்றாசியமும் சேர்ந்து இருந்தால்தான் அதிலுள்ள நொதியம் ஏ.ரீ.பி.யை மும்முரமாக உடைக்கிறது என்று 1957இல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997இல். நண்டுக்கால் அரைக்கக் காசு வேண்டும் என்று இங்கே ஒருவர் விண்ணப்பித்தால் அந்தக் கோவை எந்த மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பாதைக்கு எண்ணெய் ஆர் ஊத்துற?" என்றா.

நண்டு தின்னும் தீன்தான் எண்ணெய். எங்களுக்கும் இதே பாதைதான். சும்மா படுத்துக்கிடக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுதான் குடிக்கிறது.