சகல ஜாதிகள்: எந்த ஜாதி?

ஞாயிறு பள்ளியில் மத்தேயு 28:19-ஐ மனப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்ற இடத்தில் ஒரு பையன் மறித்தான். "அண்ணே, எங்க ஜாதியும் அதுல இருக்கா?" சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

மூலத்தில் இருப்பது 'எத்னே' என்ற கிரேக்கச் சொல்; ஒருமையில் எத்னோஸ். கூட்டமாக இருக்கும் எதற்கும் பழங்கிரேக்கத்தில் இது பொருந்தும். ஹோமர் தேனீக் கூட்டத்தைக்கூட இப்படித்தான் சொல்கிறார். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'கோயிம்' (மக்கள் கூட்டங்கள்) என்ற எபிரெயச் சொல்லுக்கும் இதையே போட்டார்கள். யூதரல்லாதவர் என்ற பொருளும் ஏறிக்கொண்டது. நம்முடைய 'புறஜாதியார்' அந்த வழியில் வந்தவர்தான்.

ஜாதி வடசொல், பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு இனம், வகை என்றுதான் பொருள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களே ஜாதிஜாதியாகப் பிறக்கின்றன. சொல்லில் பிழையில்லை, நம் காதுதான் மாறிவிட்டது.

மிஷன் உலகமோ இந்த 'எத்னே'யை வெகுநாள் 'தேசம்' என்றே வாசித்தது. உலகப் படத்தில் நாடு நாடாக விரல் வைத்து ஜெபிப்பார்கள். 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த உலக சுவிசேஷ மாநாட்டில், குவாத்தமாலாவில் மிஷனெரியாக இருந்த ரால்ஃப் வின்டர் இந்தக் கணக்கை உடைத்தார். ஒரு நாட்டில் சபை இருக்கலாம். அதே நாட்டில் வேறு மொழி, வேறு வழக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் சபை அந்நியம்தான், யாராவது வேலி தாண்டிப் போகவேண்டும் என்பது அவர் வாதம். 'சுவிசேஷம் எட்டாத மக்கள்' என்ற பேச்சு அதற்குப் பின்தான் பரவியது. உலகத் தேவையை நாட்டுக் கணக்கில் பார்த்தவர்கள் மக்கள் கணக்கில் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வேடிக்கை இங்கேதான். சுவிசேஷம் எட்டாத மக்களைக் கணக்கெடுக்கும் அமெரிக்காவின் ஜோஷுவா புராஜெக்ட் அமைப்பின் பட்டியலில் இந்தியாவுக்கு மட்டும் 2,000-க்கு மேல் பிரிவுகள். பலவும் அசல் ஜாதிப் பெயர்கள்! சுற்றிவந்து பையனின் கேள்வியிலேயே நிற்கிறோம். யாரிடம் இன்னும் போகவில்லை என்று பார்க்கப் பட்டியல் உதவும், சரி. ஜாதிக்கொரு சபை கட்ட அதைக் காட்டினால் நான் ஒப்பமாட்டேன். ஜாதிக்கொரு கல்லறை வைத்திருந்தவர்கள் நாம். இன்னொரு சாக்கு வேண்டாம்.

அப்புறம், தமிழில் எதைச் சொல்வது? 'தேசம்' என்றால் எல்லைக்கோடு முன்னால் வந்து நிற்கிறது. 1995-இல் வந்த புதிய வேதமொழிபெயர்ப்பான திருவிவிலியம் "எல்லா மக்களினத்தாரையும்" என்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. மனப்பாட வசனத்தைப் பழையபடியே விட்டுவிட்டு, கரும்பலகை ஓரத்தில் 'மக்களினம்' என்று எழுதிப்போட்டேன்.