வித்ட்ராயல்: பின்வாங்கலா, விலகலா, தவிப்பா?

காலில் கட்டுடன் வார்டில் படுத்திருக்கிறார் ஒருவர். சேர்த்த மறுநாளே நர்ஸிடம் எரிந்து விழுகிறார், டிரிப்ஸைக் கழற்றச் சொல்கிறார். துணைக்கு இருக்கும் மகனிடம், "கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்பா" என்று கெஞ்சுகிறார். அடம்பிடிக்கிற பேஷண்ட் என்று பெயர் வாங்கிவிடுவார். அவருக்கு வந்திருப்பதற்கு மருத்துவத்தில் வேறொரு பெயர் இருக்கிறது: நிகோட்டின் வித்ட்ராயல், அதாவது பழகிய புகை திடீரென்று நின்றதும் வரும் தொல்லை.

பீடியோ சிகரெட்டோ, இழுத்த புகையின் நிகோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடும். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைந்துவிடும். அதனால் மணிக்கொரு முறை புகைத்துப் பழகியவருக்கு அட்மிஷன் போட்ட சில மணி நேரத்திலேயே தொல்லை ஆரம்பிக்கிறது. எரிச்சல், பதற்றம், இருப்புக்கொள்ளாமை, கவனம் நிற்காமை, மனச்சோர்வு, தூக்கமின்மை, கூடுதல் பசி. முதல் 2, 3 நாள் உச்சத்தில் இருந்து, 3, 4 வாரத்தில் மெல்ல அடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1980இலேயே இதைத் தனி நிலையாகச் சேர்த்துவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'டிரா' என்றால் இழுப்பது. முன்னால் நிற்கும் 'வித்', இன்று நாம் அறிந்த 'உடன்' என்ற பொருளில் வரவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு எதிர், அப்பால் என்ற பொருள் உண்டு. ஆக, அப்பால் இழுத்துக்கொள்வது. வங்கியில் பணம் எடுப்பதும், படை பின்னால் வருவதும், வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதும் இதே சொல்தான். மருத்துவத்தில் உடம்பிலிருந்து விலக்கப்படுவது மருந்தோ போதைப் பொருளோதான். துன்பப்படும் ஆளைப் பற்றி இந்தச் சொல்லுக்குள் எதுவுமே இல்லை.

தமிழாக்கங்களிலும் அதுவே தொடர்கிறது. 'பின்வாங்கல் அறிகுறிகள்' என்று எழுதுகிறார்கள். பின்வாங்குவது என்றால் நமக்குக் கொடுத்த வாக்கிலிருந்தோ சண்டையிலிருந்தோ நழுவுவது. புகையை விட முயலும் மனிதர் மேல் கோழைப் பட்டம் கட்டுவது போல் இருக்கிறது. 'விலகல் அறிகுறிகள்' பரவாயில்லை, ஆனால் எது எதிலிருந்து விலகுகிறது என்று கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

என் தேர்வு 'தவிப்பு'. தவித்த வாய்க்குத் தண்ணீர் என்கிறோம். பிள்ளையைக் காணாமல் தாய் தவிக்கிறாள், வேலை கிடைக்காமல் ஊரே தவிக்கிறது. பழகியதோ தேவையானதோ இல்லாமல் போகும்போது உடம்பும் மனமும் படும் பாடு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நிகோட்டின் தவிப்பு' என்றால் நோயாளிக்கும் புரியும், மகனுக்கும் புரியும். 'ஒரு தம் போட்டா போதும்' என்று உந்துகிற அந்த ஆசையை மட்டும் தனியே சொல்ல 'வேட்கை' இருக்கிறது. இரண்டையும் கலக்க வேண்டாம். வேட்கை வந்து வந்து போகும், தவிப்பு நாள்கணக்கில் நிற்கும்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், பாதி வேலையோடு நம் மருத்துவமனைகள் நின்றுவிடுகின்றன. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகளும் மருத்துவமனையில் புகைப்பதைத் தடை செய்கின்றன. விமான நிலையம், பெரிய ஓட்டல்களுக்குத் தந்திருக்கும் தனிப் புகையறைச் சலுகைகூட இங்கே கிடையாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், கறாராகவே அமல்படுத்த வேண்டும். ஆனால் தவிப்புக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. பலகையை மாட்டிவிட்டு ஆளை அப்படியே விட்டால், கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்குத்தான் போவார், கட்டுக்காலோடு.

மருந்து இருக்கிறது. புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் அளவாகத் தரும் சூயிங்கம் போன்ற நிகோட்டின் மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் பட்டியலில் 2022இல் வந்தது. நோயாளியை வார்டில் சேர்க்கும்போதே 'காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?' என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அரை மணிக்குள் என்றால் பிடி பலமானது, 2 மி.கி. சூயிங்கத்துக்குப் பதில் 4 மி.கி. தேவைப்படலாம். மெல்லும் முறையையும் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். மிட்டாய் கம் போல் விடாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் வெற்றிலையை அதக்குவது போல் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி கூடாது, அதன் புளிப்பு வாயில் இருந்தால் நிகோட்டின் சரியாக உள்ளே போகாது.

காபியில் இன்னொரு விஷயம். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டி, காபியின் கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் எல்லாம் தவிப்பு என்று நினைத்துவிடுவோம். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின், மனநோய்க்குத் தரும் குளோசபின் போன்ற மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் ரத்தத்தில் ஏறும். டாக்டர் டோஸைக் குறைக்க வேண்டி வரலாம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002இலேயே புகையிலை நிறுத்த மையம் தொடங்கிவிட்டார்கள். மற்ற பல இடங்களில் டிஸ்சார்ஜ் சீட்டோடு கதை முடிகிறது. வார்டில் தொடங்கிய ஆதரவு வீட்டுக்குப் போன பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் பலன் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளுக்குக் கீழே 'நிகோட்டின் தவிப்பு' என்று ஒரு வரியும், பக்கத்தில் தேசிய இலவச உதவி எண் 1800-11-2356ம் எழுதித்தர ஒரு நிமிடம்கூட ஆகாது.