ஜி.பி.எஸ். வாங்குவதற்கு முன் ஆர்.வி.யின் கூரையில் ஏறுங்கள்

லாஸ் வேகஸ் நகருக்கு வெளியே ஆர்.வி. பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் கூரை வேலை பார்ப்பவன் நான். ஆர்.வி. என்றால் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு ஓடும் வீட்டு வண்டி. கூரை ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளுக்குப் பாலைவன வெயில் காரணம். ஏ.சி. பெட்டி பெயர்ந்து, கூரைத் தகடு வாழைப்பழத் தோல் போல உரிந்து வரும் வண்டிகளுக்கோ காரணம் ஒன்றுதான்: தாழ்ந்த பாலத்தில் இடித்தது. ஓட்டி வந்தவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "ஜி.பி.எஸ். இந்த வழியாகத்தான் போகச் சொன்னது."

போன கோடையில் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த வண்டி இப்படித்தான் வந்தது. ஓட்டி வந்த குடும்பத் தலைவர் ஏமாளி அல்லர். ஆர்.வி.க்கென்றே உள்ள வழிகாட்டிச் செயலிக்குப் பணம் கட்டி, வண்டியின் உயரத்தையும் அதில் பதித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். உயரம் 11 அடி 10 அங்குலம். பதித்தது 11.10. செயலி கேட்டது தசம எண்ணை. அதன் கணக்கில் 11.10 என்றால் பதினோரு அடிக்கு மேல் ஒரு அங்குலமும் கொஞ்சமும்தான். ஏறக்குறைய முக்கால் அடி காணாமல் போய்விட்டது. ஒரு சிற்றூரின் ரயில் பாலத்துக்கு அடியில் அந்த முக்கால் அடி திரும்பக் கிடைத்தது. வாடகை வண்டிகளுக்குத் தரும் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் கூரைச் சேதம் சேராது என்பதையும் அவர் அன்றுதான் படித்தார். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

ஆகவே எந்தக் கருவி நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஏணியை. விற்பனைக் கையேட்டில் உள்ள உயரத்தை நம்பாதீர்கள். அதில் ஏ.சி. சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். பின்னால் பொருத்திய டிஷ் ஆன்டெனா நிச்சயம் சேர்ந்திருக்காது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் முழுக் காற்று அடைத்து, தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து அளக்க வேண்டும். பாரம் இல்லாத வண்டிதான் உயரமாக நிற்கும். கூரையின் மிக உயர்ந்த பொருளின் மேல் ஒரு நேரான பலகையைப் படுக்கவைத்து, அதன் முனையை வண்டிக்கு வெளியே நீட்டி, அங்கிருந்து தரைவரை நாடா பிடியுங்கள். வந்த அளவோடு மூன்று நான்கு அங்குலம் கூட்டிக் கருவியில் பதியுங்கள். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டால் பாலத்தின் இடைவெளி குறையும். எச்சரிக்கைப் பலகையைச் சில ஊர்களில் மாற்ற மறந்துவிடுவார்கள். அதே அளவை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள். கனடாவுக்குப் போகிறவர்கள் மீட்டரிலும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பாலத்தில் அடிக்கணக்கை எதிர்பார்க்க முடியாது.

கைபேசி போதாதா என்பது அடுத்த கேள்வி. காருக்குப் போதும். கூகுள் மேப்ஸில் உங்கள் வண்டியின் உயரத்தைச் சொல்வதற்கு ஓர் இடமே கிடையாது. அது உங்களைக் காராக நினைத்துத்தான் வழி சொல்கிறது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் குறிப்பைப் பிடிக்கக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால், நீங்கள் நிற்கும் இடம் வெறும் திரையில் நீலப் புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் சாலை இருக்காது. எங்களுக்கு அருகில் உள்ள டெத் வேலி தேசியப் பூங்காவில் பெரும்பகுதியில் கைபேசித் தொடர்பு கிடையாது. 2009 ஆகஸ்டில் அங்கே ஜி.பி.எஸ். காட்டிய பாதையில் போய்ச் சிக்கிக்கொண்ட ஒரு தாயின் மகன் வெப்பத்தில் இறந்துபோனான். ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பி வராதீர்கள் என்று அந்தப் பூங்காவே பயணிகளை எச்சரிக்கிறது.

சரி, தனிக் கருவிதான் என்று முடிவு செய்துவிட்டால் கார்மின் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசையும், ராண்ட் மெக்நாலியின் ஆர்.வி. கருவிகளும் அமெரிக்காவில் பலரும் வாங்குபவை. ஐரோப்பாவில் டாம்டாம் நிறுவனத்தின் கேம்ப்பர் கருவி உண்டு. லாரிக்காரர்கள் விற்கும் பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பாலத்தில் இடிக்காது என்பது உண்மைதான். ஆனால் லாரிக்குத் தடையும் நமக்கு அனுமதியும் உள்ள சாலைகளை எல்லாம் அது தவிர்த்து, ஊரைச் சுற்றிக் காட்டிவிடும்.

உயரம் மட்டும் கேட்கும் கருவி அரைக் கருவி. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடைப்பட்ட பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போகக் கூடாது. வாடகைக்குக் கிடைக்கும் நடுத்தர ஆர்.வி.யே அந்த இரண்டையும் தாண்டிவிடும். எங்களிடமிருந்து கிளம்புபவர்கள் அதிகம் போகும் யூட்டாவின் சையன் பூங்காவில், 1930இல் திறந்த ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளமான சுரங்கப்பாதை இருக்கிறது. அது வளைவான கூரை கொண்டது. உயரமான வண்டி நடுவில்தான் போக முடியும். அதனால் 11 அடி 4 அங்குல உயரம் தொட்ட வண்டிகளுக்கு எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கி வழிவிட்டார்கள். 2026 ஜூன் முதல் பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது. உங்கள் கருவியின் வரைபடம் அதற்கு முந்தையது என்றால், அது இன்னமும் உங்களை அந்த மலையடிவாரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தலாம்.

காஸ் விஷயத்தில் நம்மவர்கள் அசட்டையாக இருப்பதைப் பார்க்கிறேன். குக்கர் வைக்கத் தேவைப்படும் புரொப்பேன் சிலிண்டர் சில சுரங்கச் சாலைகளில் தடை செய்யப்பட்ட பொருள். பால்டிமோர் நகரில் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும் ஆர்.வி.யின் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. அதற்காகப் புரொப்பேன் இருக்கிறது என்று கருவியில் குறித்து வைத்தால், பழைய வரைபடம் உங்களை எந்த வழியில் திருப்பும் தெரியுமா? பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்துக்கு. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்து விழுந்த பாலம் அது. ஊரின் மேற்குப் பக்கமாக 695ஆம் எண் நெடுஞ்சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும். வாழ்நாள் முழுவதும் வரைபடப் புதுப்பிப்பு இலவசம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். யாருடைய வாழ்நாள் என்று படித்துப் பாருங்கள். கருவியின் வாழ்நாள் அது, உங்களுடையது அன்று. பழைய கருவிகளில் முழு வட அமெரிக்க வரைபடமும் உள்நினைவகத்தில் அடங்காது. மெமரி கார்டு போடும் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

திரை எத்தனை அங்குலம் என்பதைக் கடைசியில் கேளுங்கள். கலிபோர்னியாவில் முன்கண்ணாடியில் கருவி ஒட்ட, ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் ஐந்து அங்குலச் சதுரம், எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் ஏழு அங்குலச் சதுரம், அவ்வளவுதான் சட்டம் தரும் இடம். பத்து அங்குலத் திரை வாங்கினால் அதை டேஷ்போர்டில்தான் நிறுத்த வேண்டும். ஜூலை மாதத்தில் நெவாடாவில் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பேட்டரி உப்பி, பின்மூடி திறந்துகொண்ட கருவிகள் என் மேசை இழுப்பறையில் மூன்று கிடக்கின்றன.

ஆர்.வி.க்குப் பின்னால் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிலையில் சில அடிகளுக்கு மேல் பின்னால் எடுக்க முடியாது. தவறான சந்தில் நுழைந்தால் காரைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால் "திரும்பி வாருங்கள்" என்று சட்டென்று யூ-டர்ன் சொல்லும் கருவியில் அந்த வசதியை நிறுத்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். செங்குத்தான இறக்கத்தை முன்கூட்டிச் சொல்கிறதா என்றும் பாருங்கள். வயோமிங்கின் டீட்டன் கணவாயில் பத்து சதவீதச் சரிவு. அதை இறங்கத் தொடங்கிய பிறகு தெரிந்து என்ன செய்வது?

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பெட்ரோல் நிலையத்தின் தாழ்ந்த கூரையையும், முகாமில் தொங்கும் மரக்கிளையையும் எந்தக் கருவியும் சொல்லாது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று ஏராளமான வண்டிகளின் கூரையை உரித்தது. 2019இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். உயரம் மீறிய வண்டி வந்தால் ஒளிரும் பலகையும் அங்கே இருக்கிறது. இப்போதும் மோதுகிறார்கள்.

அந்த டெக்சாஸ்காரர் இரண்டு வாரம் கழித்து வண்டியை எடுக்க வந்தார். வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. செயலியைத் திறந்து 11 அடி 10 அங்குலத்தைச் சரியான தசமத்தில் பதிக்கப் போனார். ஏணியைக் காட்டி ஏறச் சொன்னேன். பலகை வைத்து, நாடா பிடித்து, அவரே அளந்தார். 11 அடி 11 அங்குலம். நாங்கள் பொருத்திய புது ஏ.சி. பழையதைவிட ஓர் அங்குலம் உயரம்.